உச்சி மாடியில் எடுத்த படம்

சென்ற மாதம் நடந்த தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் சம்பள விஷயமெல்லாம் பேசி முடிந்து தேத்தண்ணீர் வரும் நேரம், பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "சங்கம் கொழும்புல நட்சத்திர ஹோட்டல்ல போய்ப் படுத்துச்சாமே, மெய்யா?" என்று கேட்டார். பலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அதில் எங்கள் நால்வரின் படம். பின்னால் நீல நிறத்தில் தண்ணீர், அதற்கும் பின்னால் தாமரைக் கோபுரம். ஹோட்டலின் உச்சி மாடியில் இருக்கும் நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் எடுத்தது. எடுத்ததும் எங்களில் ஒருவர்தான். அவர் மகளுக்கு அனுப்பினார், மகள் மச்சாளுக்கு அனுப்பினாள், இரண்டு நாளில் ஐந்து தோட்டத்துக்குப் போய்விட்டது.

மெய்தான் என்று அந்த இடத்திலேயே பதில் சொன்னோம். கேட்ட தாய்க்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாதா மாதம் சம்பளத்தில் சந்தா வெட்டப்படும் ஒருவர் கேட்ட கேள்வி அது. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போவது முறையல்ல. ஆகவே நடந்தது முழுவதையும் இங்கே எழுதுகிறோம். கணக்கையும் சொல்கிறோம், எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தையும் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. தோட்டத் தொழிலாளர் வாழ்வதற்குப் போதிய சம்பளம் எவ்வளவு என்பது பற்றி, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று இரண்டு நாள் செயலமர்வு நடத்தியது. கொழும்பில், பெரிய ஹோட்டல் ஒன்றில். சங்கத்திலிருந்து நான்கு பேரை அனுப்பச் சொன்னார்கள். கொழுந்தெடுக்கும் தாய்மார் இருவர், தொழிற்சாலையில் வேலை செய்யும் தோட்டத் தலைவர் ஒருவர், அவர்களோடு நாங்கள். புதன்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்த கையோடு பஸ் ஏறி, வெள்ளி இரவு திரும்பினோம். தாய்மாருக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை. செலவு முழுவதும் அந்த நிறுவனத்துடையது. சந்தாப் பணத்தில் ஒரு சதமும் போகவில்லை. இதைப் பொருளாளரின் புத்தகத்தில் யாரும் வந்து பார்க்கலாம்.

ஆனால் செலவே இல்லை என்று சொல்லமுடியாது. அறையின் விலை என்னவென்று தலைவரின் மகன் போனில் தேடிச் சொன்னான்: ஓர் இரவுக்கு 45,000 ரூபா. இரண்டு அறை, இரண்டு இரவு, 180,000 ரூபா. எங்களோடு வந்த மூவரும் பேருக்கு வேலை செய்பவர்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர்களுக்குப் பேர் இல்லை. அப்போதைய 1,350 ரூபாப்படி ஆறு பேர் என்றால் 8,100 ரூபா. அதைத் தரமுடியுமா என்று ஒழுங்கு செய்தவர்களிடம் கேட்டோம். நல்ல மனிதர்கள்தான், கேட்டதும் சங்கடப்பட்டார்கள். பஸ் காசுக்குப் படிவம் இருந்தது, இழந்த பேருக்குப் படிவம் இல்லை என்றார்கள். தொழிலாளிக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு கிடைக்கவேண்டும் என்று பேசுவதற்குக் கூப்பிட்ட இடத்தில், கூப்பிடப்பட்ட தொழிலாளி தன் இரண்டு நாள் சம்பளத்தைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இது எங்களுக்கு முன்கூட்டியே தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. அது சங்கத்தின் பிழை. அந்த 8,100 ரூபாவைச் சங்கம் கொடுப்பதென்று இப்போது தீர்மானித்திருக்கிறோம்.

இனி ஹோட்டலைப் பற்றி. வரவேற்பு மேசையில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், வீதி, நகரம். தாய்மாரில் மூத்தவர் அடையாள அட்டையை எங்களிடம் நீட்டினார். அதில் தோட்டத்தின் பெயரும் கீழ்ப்பிரிவு என்பதும் மட்டும்தான். வீட்டு இலக்கம் கிடையாது, வீதி கிடையாது. கடிதம் வந்தால் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது பார்த்துச் சொன்னால் கைக்கு வரும். மேசையில் நின்ற பிள்ளை அந்த இரண்டு கட்டத்தையும் எப்படி நிரப்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் ஒரு கோடு கீறிவிட்டாள். கண்ணியமான பிள்ளை, ஒரு குறைச் சொல்லும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தக் கோடு எங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் இருக்கிறோம், எழுதிக் கொடுக்க ஒரு முகவரி இல்லை.

அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர், வெள்ளை விரிப்பு, கண்ணாடிச் சுவர். கீழே பேரை வாவி தெரிந்தது. அதன் கரைப்பக்கம் நவம் மாவத்தையில்தான் வர்த்தகச் சம்மேளனத்தின் கட்டடம் இருக்கிறது. 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் பல காலம் அந்தச் சம்மேளனத்தின் மண்டபத்தில் நடந்தது. 2020 இலிருந்து கம்பியூட்டரில் நடக்கிறது. நாம் எடுக்கும் கொழுந்துக்கு விலை போடும் ஊரை, அந்தத் தாய்மார் முதல் முறையாக மேலே இருந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கட்டடமும் எதுல கட்டுனாங்க?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

வியாழன் காலை நாங்கள் தாய்மாரின் அறைக்குப் போனபோது அறை பளிச்சென்று இருந்தது. விரிப்பை மடித்து, துவாய்களை அலசிக் காயப்போட்டு, குளியலறைத் தரையையும் துடைத்துவிட்டிருந்தார்கள். துப்புரவு செய்ய வந்த பெண் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார். மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பெண், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஏன் நீங்கள் செய்தீர்கள், என்னை ஏசுவார்கள் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். நம் தாய்மாருக்குத் தோட்டத்துச் சிங்களம் தாராளமாக வரும். ஐந்து நிமிடத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மூவரும் குடும்பக் கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். (செயலமர்வுக்கு நேரமாகிறது என்று நாங்கள்தான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தோம். இப்போது நினைத்தால் அந்த அறையில் நடந்ததுதான் செயலமர்வு.)

அந்தப் பெண் ஒரு நாளைக்கு 14 அறை செய்யவேண்டும். ஆட்கள் வெளியேறிய அறை என்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கட்டில் விரிப்பை இழுத்து மாற்றி மாற்றித் தோள்பட்டையும் இடுப்பும் போய்விட்டது. நம் மூத்த தாய் கேட்டார்: 14 க்குக் குறைந்தால் அரைப்பேரா? அரைப்பேர் போடமாட்டார்கள், முடியும்வரை வீட்டுக்குப் போகவிட மாட்டார்கள் என்று பதில் வந்தது. "அப்ப இதுவும் கிலோக் கணக்குத்தான்" என்றார் நம் தாய். 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்று மலையில் கங்காணி சொல்வதும், 14 அறை செய்தால்தான் வீடு என்று மாடியில் மேற்பார்வையாளர் சொல்வதும் ஒன்றுதான் என்பதை விளங்கிக்கொள்ள அவருக்கு எந்த விரிவுரையும் தேவைப்படவில்லை. பகல் முழுவதும் கீழ்மண்டபத்தில் ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் காட்டி, காதில் மாட்டிய கருவி வழியாகத் தமிழில் சொன்ன பல விஷயங்கள் நல்லவைதான். ஆனால் இரண்டு நாளில் எங்களுக்கு மனதில் நின்றது இந்த ஒரு சொல்.

சாப்பாட்டு மண்டபத்தில் தேநீருக்கென்றே தனிப் பட்டியல் இருந்தது. நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சபரகமுவ, ருகுணு என்று ஏழு பிரதேசத்தின் பெயரும் அழகாக அச்சில். ஒரு சின்னக் கேத்தல் 1,400 ரூபா, வரியும் சேவைக் கட்டணமும் வேறு. நாங்கள் வாங்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பழக்கம் விடவில்லை, கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வரும். ஒரு தாய் ஒரு நாள் எடுக்கும் 18 கிலோவுக்கு 4 கிலோ தேயிலை. ஒரு பையில் 2 கிராம். ஆக 2,000 பை. கேத்தலுக்கு இரண்டு பை போட்டாலும் 1,000 கேத்தல். 14 இலட்சம் ரூபா. அதை எடுத்தவருக்கு அப்போது 1,350. ஒரு கேத்தல் தேநீரின் விலையை விட 50 ரூபா குறைவு.

இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு, ஹோட்டல்காரர் 14 இலட்சத்தையும் பெட்டியில் போடுகிறார் என்று நாம் மேடையில் பேசக்கூடாது. கட்டடம், மின்சாரம், ஆட்களின் சம்பளம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனது என்பது ஒவ்வொரு வாரமும் வெளியாகிறது, கம்பனியிடம் பேசும்போது அந்த எண்ணைத்தான் பிடித்துப் பேசவேண்டும். ஆனாலும், தேயிலையில் காசு இல்லை, உலகச் சந்தை விழுந்துவிட்டது என்று சம்பள நிர்ணய சபையில் சொல்லும்போது, அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் காசு இல்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2024 மே தினத்தில் 1,700 ரூபா என்று அறிவித்ததையும், வர்த்தமானி வந்ததையும், கம்பனிகள் நீதிமன்றம் போனதையும், கடைசியில் செப்டெம்பரில் 1,350 இல் வந்து நின்றதையும் நாம் மறக்கவில்லை.

அந்தத் தேநீர்ப் பட்டியலை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தவன்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தவன்.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, சட்டைப்பையில் பெயர் பொறித்த தகடு. முகத்தைப் பார்க்காமல் பட்டியலை வைத்தான். பிறகு நிமிர்ந்து, மெதுவாக, "சேர், நீங்களா?" என்றான். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒன்பதாம் ஆண்டில் அவனுக்குக் கணக்குப் படிப்பித்தது நாங்கள். சாதாரண தரத்தில் கணக்கில் சித்தியடைந்தான், விஞ்ஞானத்தில் தவறினான். திரும்ப எழுதச் சொன்னோம். அதற்குள் தகப்பனுக்கு வருத்தம் வந்தது, ஏஜென்ட் ஒருவன் வந்தான், பிள்ளை போய்விட்டான். இப்போது வயது 19. பக்கத்திலிருந்த தாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, நீ மேப்பிரிவு, பீலிக்கரை லயத்து மகன் தானே? அம்மா சொகமா?" என்று கேட்டுவிட்டார். அவன் சுற்றிப் பார்த்தான். "இங்க நின்னு பேச ஏலாது மாமி. பத்தரைக்கு வேல முடியும். பின்வாசலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, மற்ற விருந்தாளிகளுக்குச் சிரிக்கும் அதே சிரிப்பை எங்களுக்கும் சிரித்துவிட்டுப் போனான்.

ஹோட்டலுக்கு முன்வாசலில் பூச்சாடியும் கண்ணாடிக் கதவும். பின்வாசல் குப்பை லொறி நிற்கும் ஒடுங்கிய ஒழுங்கை. பத்தே முக்காலுக்கு வந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர். ஒருவன் பொகவந்தலாவைப் பக்கம், ஒருவன் பதுளை, ஒருவன் இறக்குவானை. நால்வரும் சேர்த்துப் பத்துப் பேர் மருதானைப் பக்கம் ஒரே அறையில் இருக்கிறார்கள். "லயக் காம்பிரா பரவால்ல சேர், அங்க ஜன்னலாவது இருக்கு" என்றான் பதுளைப் பையன்.

அவர்கள் ஹோட்டலின் ஊழியர்கள் அல்ல. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் ஊழியர்கள். சட்டை ஹோட்டலுடையது, தகடு ஹோட்டலுடையது, ஏசுபவரும் ஹோட்டல்காரர், சம்பளம் மட்டும் ஏஜென்சி. கையில் மாதம் 30,000 வருகிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை. மேலதிக நேரக் கொடுப்பனவு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. விருந்தாளியின் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கிறார்களே, அது? அது ஹோட்டலின் சொந்த ஊழியருக்கு மட்டும் பிரிக்கப்படுகிறது. சில மாதங்களில் அது அடிப்படைச் சம்பளத்தை விடக் கூட வருமாம். அதே மேசைக்கு அதே தட்டைத் தூக்கும் இவர்களுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நியமனக் கடிதம்? சேரும்போது எதிலோ கையெழுத்து வாங்கினார்கள், பிரதி தரவில்லை. சேமலாப நிதி? "வெட்டுறாங்க சேர், எட்டு வீதம்." இலக்கம் என்ன? நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

எங்கள் படத்தில் தெரியும் அந்தத் தடாகத்தைப் பற்றியும் கேட்டோம். காலை முறை வரும் நாட்களில் அதன் ஓரத்தில் துவாய் அடுக்குவது இவனுடைய வேலை. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. வைத்தால் வேலை போய்விடும். நம் தாய்மாரும் இறங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நீச்சல் உடுப்பு இல்லாமல் இறங்கக்கூடாது என்று பலகை இருந்தது. மாசி, பங்குனியில் ஒரு குடம் தண்ணீருக்குப் பீலியில் வரிசை நிற்பவர்கள், பதினெட்டாம் மாடிக்கு ஏற்றி நிரப்பிய தண்ணீரைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் அந்தப் படத்தின் கதை.

இப்போது எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்துக்கு வருகிறோம்.

சங்கத்தில் ஒரு சாரார், இனி இப்படியான ஹோட்டல்களுக்குப் போகவே கூடாது என்கிறார்கள். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தபோது வழியில் சனம் கொடுத்த இடத்தில் படுத்து, கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார்கள். அப்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. தலைவர்மார் கொழும்பு ஹோட்டல்களில் பழகிப் பழகி, பிறகு பெரட்டுக் களத்துக்கு வர மறந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்னொரு சாரார், லயத்துச் சனம் ஹோட்டலில் தங்கினால் மட்டும் ஏன் கண்ணைக் குத்துகிறது, துரைமார் தங்கினால் யாராவது படம் பார்த்துக் கேள்வி கேட்கிறார்களா என்கிறார்கள். இளம் உறுப்பினர்கள் பலர் இந்தப் பக்கம். இதிலும் நியாயம் உண்டு. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையே இன்று ஹோட்டலாக நிற்கிறது. நம் முன்னோர் கொழுந்து சுமந்து ஏறிய கட்டடத்தில் காசு கொடுத்தவர் படுக்கலாம், நாம் படுத்தால் வெட்கப்படவேண்டுமா?

எங்கள் கருத்து இதுதான். கொழும்புக்குப் போகாமல் இருக்கமுடியாது. தொழில் திணைக்களம் நாரஹேன்பிட்டியில், பாராளுமன்றம் கோட்டேயில், கம்பனிகளின் தலைமையகங்கள் கொழும்பில். 2021 க்குப் பிறகு கூட்டு ஒப்பந்தம் இல்லை, எல்லாம் சம்பள நிர்ணய சபையில்தான் என்றாகிவிட்ட பிறகு அந்தப் பயணம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கூப்பிடும் இடத்துக்குப் போகாவிட்டால் நம்மைப் பற்றி நாம் இல்லாமல் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தச் செயலமர்வு போன்ற ஒன்றுக்கு 180,000 ரூபா அறை வேண்டியதில்லை. ஹட்டனில் மண்டபம் இருக்கிறது, தலவாக்கலையில் இருக்கிறது, பண்டாரவளையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் ஒருவருக்கும் பேர் போகாது. நால்வர் வந்த இடத்துக்கு நாற்பது தாய்மார் வருவார்கள். அதிகாரிகளும் நிபுணர்களும் ஒரு முறை மலையேறி வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, வரும் வழியில் லயத்தையும் பார்க்கலாம். இதை அந்த நிறுவனத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறோம். இனிக் கொழும்பிலேயே வைக்கவேண்டிய அவசியம் இருந்தால், இழக்கும் பேருக்கான காசை முதலில் எழுத்தில் தந்தால்தான் தொழிலாளரை அனுப்புவோம் என்றும் எழுதியிருக்கிறோம். யார் போனார்கள், யார் செலவு, எவ்வளவு என்பதை இந்த மடலில் அந்தந்த மாதமே போடுவோம். உறுப்பினர் போனில் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இனி வரக்கூடாது.

ஆனால் எங்களை உறுத்துவது தங்கிய அறை அல்ல. புதன் இரவும் வியாழன் காலையும் பகலும் அந்த மண்டபத்தில் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். தட்டு எடுத்தவர்களில் பாதிப்பேர் நம் பிள்ளைகள். நிறமும் பேச்சும் பார்த்தாலே தெரியும். ஆனாலும் வியாழன் இரவு அவன் எங்களை அடையாளம் கண்ட பிறகுதான் நாங்கள் அவனைக் கண்டோம். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றி முழு நாளும் பேசிவிட்டு, தோட்டத் தொழிலாளியின் மகன் கொண்டுவந்த சோற்றை அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சங்கத்துக்குத் தொழிலாளி என்றால் செக்ரோலில் பெயர் உள்ளவர், சந்தா வெட்டப்படுபவர். பிள்ளை பஸ் ஏறி வட்டவளையைத் தாண்டியதும் நம் புத்தகத்தில் இல்லாமல் போய்விடுகிறான். அவன் அனுப்பும் காசில்தான் வீட்டில் அடகு மீட்கிறார்கள், தங்கச்சியின் ரியூஷனுக்குக் கொடுக்கிறார்கள். லயத்தில் பாதி அடுப்பு அந்தக் காசில் எரிகிறது. தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று கம்பனி சொல்கிறது. 1,350 க்கு நிற்காமல் போன ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேடினால், கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் ஹோட்டல் பின்வாசல்களிலும் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குச் சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை, ஏசினால் கேட்க ஒரு மாதர் சங்கத் தலைவியும் இல்லை.

அவர்களுக்குச் சட்டம் இல்லை என்று மட்டும் நினைக்கவேண்டாம். ஹோட்டலில் வேலை செய்பவருக்கும் சேமலாப நிதி உண்டு. தற்காலிகம், ஒப்பந்தம், ஏஜென்சி என்று எந்தப் பெயர் சொன்னாலும் முதல் நாளிலிருந்தே உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், தொழில் கொடுப்பவர் தன் கையிலிருந்து 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம், அதைத் தொழிலாளியிடம் வெட்டவே கூடாது. எட்டை வெட்டிவிட்டுப் பன்னிரண்டைக் கட்டாமல் இருந்தால், வெட்டிய எட்டும் திருட்டுத்தான். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. ஆகவே கையில் 30,000 வருகிறதே என்று அந்தப் பிள்ளைகள் திருப்திப்படுவதற்கு ஒன்றுமில்லை, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு அது போதாது. நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம். ஏஜென்ட் வந்து "வயசக் கூட்டிச் சொல்லிக்கலாம்" என்று சொன்னால், அந்த ஏஜென்டின் போன் இலக்கத்தை வாங்கி எங்களிடம் தாருங்கள்.

முறைப்பாடு செய்தால் வேலை போய்விடும் என்று அந்த நான்கு பிள்ளைகளும் பயப்பட்டார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. தோட்டத்தில் ஒருவரைத் தொட்டால் பிரிவே பெரட்டில் நின்றுவிடும், அங்கே ஒருவனை அனுப்பினால் அடுத்த நாள் காலை இன்னொருவன் அதே சட்டையோடு நிற்பான். அதனால்தான் தனியாக ஒருவனை முறைப்பாடு செய்யச் சொல்ல நாங்கள் தயாரில்லை. ஹோட்டல் தொழிலாளருக்கென்று கொழும்பில் இருக்கும் சங்கங்களோடு பேசத் தொடங்கியிருக்கிறோம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்று 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மருதானை அறையில் மட்டும் பத்துப் பேர் இருக்கிறார்கள். மொனராகலை அக்காவையும் விட்டுவிடக்கூடாது என்று நம் மூத்த தாய் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். 14 அறைக் கணக்கைக் குறைக்காமல் என்ன சங்கம் என்பது அவர் கேள்வி.

இதற்கு முதலில் நமக்கு ஒரு பட்டியல் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தலைவியும் தங்கள் பிரிவிலிருந்து கொழும்பு, நீர்கொழும்பு, கண்டி ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளின் விபரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர், எந்த இடம், நேரடி வேலையா ஏஜென்சியா, எப்போது சேர்ந்தது, சம்பளச் சீட்டு கிடைக்கிறதா, சேமலாப நிதி இலக்கம் தெரியுமா. வீட்டில் அம்மாவிடம் கேட்டால் பாதி தெரியும், மீதியைப் பிள்ளையிடம் போனில் கேட்கலாம். பட்டியலை ஹோட்டல்காரரிடமோ ஏஜென்சியிடமோ காட்டமாட்டோம். கூட்டத்தில் உரத்து வாசிக்கவும் மாட்டோம்.

சென்ற ஞாயிறு அந்தப் பிள்ளையிடமிருந்து எங்கள் போனுக்கு ஒரு படம் வந்தது. அவனுடைய சம்பளச் சீட்டு. 8 சதவீதம் வெட்டிய தொகை அச்சில் இருக்கிறது. சேமலாப நிதி இலக்கம் என்று போட்ட இடத்துக்கு எதிரே, வரவேற்பு மேசையில் எங்கள் முகவரிக்கு எதிரே போட்டது போல, ஒரு கோடு. இரண்டு வருடத்துச் சீட்டுகளையும் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை காலை தொழில் அலுவலகத்தில் அவன் பெயரைச் சொல்லாமல் அந்த ஏஜென்சியைப் பற்றி விசாரிக்கப் போகிறோம்.